லேசரால் முடுக்கப்படும் புரோட்டான்: புற்றுநோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

புற்றுநோய்க்கு ‘லேசர் புரோட்டான் சிகிச்சை’ வந்துவிட்டது என்ற செய்தியைக் கைப்பேசியில் நீங்கள் பார்த்திருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, “இப்போது சொல்லியிருக்கும் சிகிச்சையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?” என்ற எண்ணமும் எழுந்திருக்கலாம். அந்தக் கேள்விக்கு விடை தருவதே இக்கையேட்டின் நோக்கம். லேசர் எப்படிப் புரோட்டானை முடுக்குகிறது, விஞ்ஞானிகள் அதை எப்படி அளக்கிறார்கள், அது ஏன் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை, இன்று ஸ்கூடாய் வட்டாரத்தில் இருக்கும் ஒருவர் என்ன செய்ய வேண்டும் ஆகியவற்றை இதில் காணலாம்.

சுருக்கமாக

• லேசரைக் கொண்டு புரோட்டான்களை முடுக்க முடியும் என்பது உண்மை. ஆய்வுக்கூடங்களில் அது 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது.
• அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. மருத்துவமனைகளில் இன்று தரப்படும் புரோட்டான் சிகிச்சையில் லேசர் புரோட்டானை முடுக்குவதில்லை.
• கதிர்வீச்சு மருந்தாவதற்கு வலிமை மட்டும் போதாது. எவ்வளவு செலுத்தினோம் என்று ஒவ்வொரு முறையும் உறுதியாகச் சொல்ல வேண்டும். லேசர் முறை இன்னும் அந்த இடத்திற்கு வந்து சேரவில்லை.
• உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சையை இதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

புரோட்டான் என்றால் என்ன?

பேரண்டத்தில் மிகுதியாக உள்ள தனிமம் ஹைட்ரஜன். நாம் குடிக்கும் நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்கிவிட்டால் மிஞ்சும் கருவே புரோட்டான். அதற்கு நேர்மின்னூட்டம் உண்டு. ஆகவே மின்புலத்தைக் கொண்டு அதை விரைந்து ஓட வைக்கலாம். காந்தத்தைக் கொண்டு வளைக்கலாம்.

வழக்கமான கதிர்வீச்சுச் சிகிச்சையில் எக்ஸ்ரே கதிர்கள் பயன்படுகின்றன. அவை உடலுக்குள் நுழைந்து, தோலுக்குச் சற்றுக் கீழே மிகுதியான ஆற்றலை விட்டு, கட்டியைத் தாக்கி, அதைத் தாண்டி மறுபுறமாக வெளியேறுகின்றன. மருத்துவர்கள் பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, நல்ல திசுக்களுக்குச் சேரும் பங்கைக் குறைக்கிறார்கள்.

புரோட்டானின் போக்கு வேறு. அது உடலுக்குள் நுழையும்போது குறைவான ஆற்றலையே விடுகிறது. வேகம் குறையக் குறைய விடும் ஆற்றல் கூடுகிறது. நிற்கும் இடத்திற்குச் சற்று முன்பு பெரும்பங்கைக் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றும் செல்வதில்லை. இந்த உச்சத்தை ‘பிராக் உச்சம்’ என்பர். கண், மூளை, தண்டுவடம் போன்ற மென்மையான உறுப்புகளை ஒட்டி இருக்கும் கட்டிகளுக்கும், வளரும் பிள்ளைகளுக்கு வரும் சில கட்டிகளுக்கும் இந்தக் குணம் உதவுகிறது.

புரோட்டான் எவ்வளவு ஆழம் செல்லும் என்பதை அதன் ஆற்றல் தீர்மானிக்கிறது. இந்த ஆற்றலை மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்பர், சுருக்கமாக எம்.இ.வி. நீரில் அது செல்லும் ஆழம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

• 60 எம்.இ.வி. – 3 சென்டிமீட்டர்
• 150 எம்.இ.வி. – 16 சென்டிமீட்டர்
• 230 எம்.இ.வி. – 33 சென்டிமீட்டர்

நம் உடலின் பெரும்பகுதி நீர். ஆகவே இந்த எண்கள் உடலுக்கும் ஓரளவு பொருந்தும். கண்ணில் உள்ள கட்டிக்கு 60 எம்.இ.வி. போதும். வயிற்றின் ஆழத்தில் உள்ள கட்டிக்கு அது எட்டவே எட்டாது. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் லேசரின் வளர்ச்சியை எடைபோட இவை உதவும்.

இன்றைய புரோட்டான் இயந்திரம் ஏன் இவ்வளவு பெரிது?

புரோட்டானை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் எழுதினார். 1954இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் செலுத்தப்பட்டது. மருத்துவமனைக்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய மையம் 1990இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் திறக்கப்பட்டது. எண்ணத்திற்கும் மருத்துவமனைக்கும் இடையே 44 ஆண்டுகள் கடந்தன.

அதன் பிறகும் இச்சிகிச்சை எங்கும் பரவாததற்கு முதன்மைக் காரணம் அளவும் செலவும். புரோட்டான்களை வட்டப் பாதையில் சுழற்றி, சுற்றுக்குச் சுற்று வேகம் கூட்டும் முடுக்கி தேவை. அங்கிருந்து கதிரை நோயாளியிடம் கொண்டுவரக் காந்தங்கள் வரிசையாக நிற்க வேண்டும். நோயாளியைச் சுற்றிக் கதிரைத் திருப்பும் இரும்புச் சட்டகம் பல மையங்களில் மூன்று மாடி உயரமும் 100 டன் எடையும் கொண்டது. சுற்றிலும் தடித்த கான்கிரீட் சுவர்கள் வேண்டும்.

புரோட்டானை முடுக்கும் பகுதியையாவது சிறியதாக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்தே லேசர் ஆராய்ச்சிக்கு மருத்துவ ஆர்வம் பிறந்தது.

லேசர் எப்படிப் புரோட்டானை முடுக்குகிறது?

இங்கே பேசப்படும் லேசர், தோல் கிளினிக்கிலும் கண் சிகிச்சையிலும் சிறுநீரகக் கல்லை உடைக்கவும் பயன்படும் லேசர் அல்ல. இதன் உச்சத் திறன் ஒரு பெட்டாவாட்டை எட்டும். 1 என்ற எண்ணுக்குப் பின் 15 சுழியங்கள் போட்டால் வரும் வாட் அளவு அது.

இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டு ஏராளமான ஆற்றல் என்று நினைக்க வேண்டாம். 30 ஜூல் ஆற்றல் இருந்தாலே போதும். ஒரு கிலோ அரிசியை மூன்று மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல்தான் 30 ஜூல். அந்தச் சிறிய ஆற்றலை 30 ஃபெம்டோ நொடிக்குள் அடக்கிவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 30 ஃபெம்டோ நொடியில் ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடக் கடக்காது.

இத்தகைய லேசரைச் சாத்தியமாக்கிய வழிமுறையை 1985இல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார்டு மூருவும் வெளியிட்டனர். ஒளித் துடிப்பை முதலில் நீட்டி, பிறகு பெருக்கி, கடைசியில் மீண்டும் சுருக்குவது அவர்களின் வழி. நீட்டாமல் பெருக்கினால் ஒளியே கருவியைப் பொசுக்கிவிடும். இதற்காக 2018ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர்.

இந்தத் துடிப்பைக் காற்று நீக்கிய கலனுக்குள், தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய உலோகத் தகட்டின் மீது ஒரு புள்ளியாகக் குவிக்கிறார்கள். அப்போது நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஒளி பட்ட இடத்தில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்தெறியப்படுகின்றன. தகட்டின் முன்புறம் பிளாஸ்மாவாகிறது.
2. எலக்ட்ரான்கள் மிக இலேசானவை. லேசர் அவற்றைத் தகட்டின் ஊடே தள்ளுகிறது. அவை பின்புறமாக வெளியே பாய்கின்றன.
3. தகட்டின் பின்புறத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான் திரை உருவாகிறது. அந்தத் திரைக்கும் தகட்டுக்கும் இடையே மீட்டருக்கு ஒரு மில்லியன் மில்லியன் வோல்ட் அளவிலான மின்புலம் எழுகிறது. வழக்கமான முடுக்கிகளில் உள்ள மின்புலத்தைவிட இது பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.
4. அந்த மின்புலம் தகட்டின் பின்பரப்பில் ஒட்டியிருக்கும் புரோட்டான்களை இழுத்து வெளியே எறிகிறது. மீட்டர் கணக்கில் ஓடிப் பெற வேண்டிய வேகத்தை அவை மிகக் குறுகிய தொலைவிலேயே பெற்றுவிடுகின்றன.

உலோகத் தகட்டில் புரோட்டான் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். எந்த உலோகத்தின் மேலும் நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கும். கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டிலும் அது உண்டு. காற்றை நீக்கினாலும் அது முழுமையாகப் போவதில்லை. அந்தப் படலத்தில் உள்ள ஹைட்ரஜனே இந்தப் புரோட்டான்களுக்கு ஊற்று.

பிளாஸ்மா: இரத்தத்தில் உள்ளது அல்ல

பிளாஸ்மா என்றதும் இரத்த தானத்தின்போது கேட்ட சொல் நினைவுக்கு வரலாம். அது இரத்தத்தின் நீர்ப்பகுதி. இங்கே சொல்லப்படுவது வேறு. ஒரு பொருளை மிகக் கடுமையாகச் சூடாக்கினால் அதன் அணுக்கள் உடைந்து, எலக்ட்ரான்களும் மின்னூட்டம் பெற்ற அணுக்களும் கலந்த வாயுவாகும். அதையும் பிளாஸ்மா என்றே அழைக்கிறார்கள். மின்னல் கீற்று அப்படிப்பட்டது. சூரியனும் அப்படிப்பட்டதே. பெயர் ஒன்றாக இருப்பதால், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதுபோல் பேசும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

அளந்தால்தான் மருந்து

மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்குகிறீர்கள். அதில் 500 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஒன்றில் 300, இன்னொன்றில் 800 என்று இருந்தால், அது எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் மருத்துவர் உங்களுக்குக் கொடுக்க மாட்டார்.

கதிர்வீச்சும் அப்படித்தான். நோயாளிக்குச் சேரும் அளவு, குறித்த அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்பது பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட வழக்கம். அளவு குறைந்தால் கட்டி தப்பும். கூடினால் நல்ல திசு கெடும். இதற்காகவே மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர்கள் இயந்திரத்தைத் தொடர்ந்து சோதிக்கிறார்கள்.

லேசரிலிருந்து வரும் புரோட்டான்கள் ஒரே ஆற்றலோடு வருவதில்லை. குறைந்த ஆற்றல் உள்ளவை ஏராளமாகவும், உயர்ந்த ஆற்றல் உள்ளவை மிகச் சிலவாகவும் கலந்து வருகின்றன. விசிறிபோல் பரவியும் வருகின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் வேறுபாடு உண்டு. ஆகவே எத்தனை புரோட்டான், எந்த ஆற்றலில், எந்தத் திசையில் வந்தது என்று கண்டறிவதே ஆய்வின் பாதி வேலை. அதற்குக் கையாளும் முறைகளில் சில:

நிறம் மாறும் படச்சுருள் அடுக்கு. கதிர்வீச்சு பட்டால் நீலமாக மாறும் மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புரோட்டான்களின் பாதையில் வைக்கிறார்கள். ஆற்றல் குறைந்தவை முதல் சில தாள்களோடு நின்றுவிடும். ஆற்றல் கூடியவை உள்ளே செல்லும். கடைசியாக நீலமான தாள் எது என்று பார்த்து உச்ச ஆற்றலைக் கணிக்கலாம். கறையின் வடிவம் கதிர் எப்படிப் பரவியது என்று காட்டும். ஆனால் இது ஒருமுறை மட்டுமே பயன்படும். வெளியே எடுத்துப் படித்த பிறகே விடை தெரியும்.

தாம்சன் பரவளைவுமானி. எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சன் நூறு ஆண்டுகளுக்கு முன்பு கையாண்ட வழி இன்றும் உதவுகிறது. ஊசித்துளை வழியே வரும் துகள்களை மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து வளைக்கின்றன. மெதுவானவை அதிகமாக வளையும். வேகமானவை குறைவாக வளையும். ஒவ்வொரு வகைத் துகளும் தனக்கென ஒரு வளைகோட்டை வரைகிறது. இதனால் புரோட்டானைக் கார்பன் போன்ற பிற துகள்களிலிருந்து பிரித்தறியலாம். ஊசித்துளை வழியே பார்ப்பதால், முழுக் கதிரின் மிகச் சிறு பகுதி மட்டுமே இதில் தெரியும்.

மூக்குக் கண்ணாடி பிளாஸ்டிக். கண்ணாடிக் கடையில் வில்லைகளுக்குப் பயன்படும் சி.ஆர்-39 என்ற பிளாஸ்டிக்கில் புரோட்டான் பாய்ந்தால் நுண்ணிய வடு விழுகிறது. அதைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் குழிகளாகப் பெரிதாகும். அவற்றை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

பறக்கும் நேரம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால், யார் எப்போது கோட்டைத் தொட்டார் என்பதைக் கொண்டு ஒவ்வொருவரின் வேகத்தையும் சொல்லிவிடலாம். இங்கும் அதுவே நடக்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் உணர்கருவி வைத்தால், 60 எம்.இ.வி. புரோட்டான் சுமார் 10 நானோ நொடியில் வந்து சேரும். 10 எம்.இ.வி. புரோட்டானுக்குச் சுமார் 23 நானோ நொடி ஆகும். ஒளியின் வேகத்தில் முதலில் வந்துவிடும் எக்ஸ்ரே மின்னல், ஓட்டம் தொடங்கிய நேரத்தைக் கணக்கிட உதவுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் உடனுக்குடன் விடை தருவது இம்முறையின் சிறப்பு.

பிளாஸ்மாவைப் படம்பிடித்தல். முதன்மைத் துடிப்பிலிருந்து சிறு பகுதியைப் பிரித்து, சற்று முன்னோ பின்னோ பிளாஸ்மாவின் குறுக்கே செலுத்துகிறார்கள். அதன் நிழலையும், ஒளி அலைகள் எவ்வளவு விலகின என்பதையும் பார்த்து, பிளாஸ்மா எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று கணக்கிடுகிறார்கள். இதில் தெரியவரும் ஒரு முக்கியமான கோளாறு, ஒளியின் முன்கசிவு. முதன்மைத் துடிப்புக்குச் சற்று முன்பே கொஞ்சம் ஒளி கசிந்து தகட்டில் பட்டுவிடுவதுண்டு. அது முதன்மைத் துடிப்பில் பத்தாயிரம் மில்லியனில் ஒரு பங்காக இருந்தாலும், தகட்டின் பரப்பைக் கலைக்கப் போதும். கலைந்த தகட்டிலிருந்து வரும் புரோட்டான்களின் தன்மையும் மாறிவிடும். நேற்று நன்றாக வந்த கதிர் இன்று ஏன் வரவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

இதுவரை எட்டியவை

2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தினர் பெட்டாவாட் லேசரால் 58 எம்.இ.வி. வரை புரோட்டான்களைப் பெற்றதாக அறிவித்தனர். 2018இல் பிரிட்டனின் வல்கன் லேசரில் நடந்த ஆய்வு 100 எம்.இ.வி.யை நெருங்கியது. 2024இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தினர் 150 எம்.இ.வி.யை எட்டியதாக வெளியிட்டனர். மேலே கண்ட எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 3 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து 16 சென்டிமீட்டர் வரை வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அந்த உச்ச ஆற்றலில் வருபவையும் மொத்தக் கதிரில் மிகச் சிலவே.

உயிருள்ள உடலில் நடந்த முக்கியமான சோதனையும் டிரெஸ்டனில்தான் நடந்தது. அதன் முடிவுகள் 2022இல் வெளியாயின. எலிகளின் காதில் வளர்க்கப்பட்ட கட்டிகளுக்கு லேசர் புரோட்டான்களைக் குறித்த அளவில் செலுத்தினர். துடிப்புக் காந்தங்களைக் கொண்டு தேவையான ஆற்றல் உள்ள புரோட்டான்களை மட்டும் பிரித்தெடுத்தனர். ஒவ்வொரு துடிப்பையும் அளந்தனர். வழக்கமான முடுக்கியிலிருந்து வந்த புரோட்டானோடு ஒப்பிட்டும் பார்த்தனர். காதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது மெல்லியது, ஆழம் தேவையில்லை. இச்சோதனையின் உண்மையான வெற்றி, அளவைக் குறித்தபடி கொடுக்க முடிந்ததே. மனிதருக்கு அது சிகிச்சையாகிவிட்டது என்று பொருள் அல்ல.

ஆசியாவிலும் இத்துறை வளர்கிறது. இந்தியாவில் இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்திலும், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலும் மிகுதிறன் லேசர்களையும் அவை உண்டாக்கும் பிளாஸ்மாவையும் ஆராய்கிறார்கள். ஜப்பானில், லேசரைத் தொடக்கக் கட்டத்தில் மட்டும் பயன்படுத்தி, மீதியை வழக்கமான முடுக்கிக்கு விட்டுவிடும் சிறிய சிகிச்சை இயந்திரத்துக்கு முயல்கிறார்கள்.

இன்னும் எட்டாதவை

• ஆழத்தில் உள்ள கட்டிகளுக்குத் தேவையான 200 எம்.இ.வி.க்கு மேற்பட்ட ஆற்றல், போதிய எண்ணிக்கையில்.
• ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைப் போலவே இருக்கும் உறுதி.
• நொடிக்குப் பலமுறை, நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் இயங்கும் லேசரும், அதற்கு ஈடுகொடுத்துப் புதுப்பிக்கப்படும் தகடும்.
• மிகக் குறுகிய நேரத்தில் கொட்டும் கதிரைச் சரியாக அளக்கும் கருவி. மருத்துவமனைகளில் இன்று பயன்படும் அயனிக் கலன்கள் இத்தனை திடீர்க் கதிரில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும்.
• மனிதரிடம் முறைப்படி நடத்தப்படும் சோதனைகள்.

இந்த ஐந்தும் நிறைவேறும் வரை இது சிகிச்சை ஆகாது. இந்தப் பட்டியல் ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்வதற்காகத் தரப்படவில்லை. இந்த எல்லைகளை அளந்து உலகுக்குச் சொன்னவர்கள் அவர்களே.

ஸ்கூடாயில் இருப்பவர்களுக்கு

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லேசர் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. “அங்கே லேசர் இருக்கிறதே, அங்கேயே சிகிச்சை கிடைக்குமா?” என்று சிலர் நினைக்கலாம். கிடைக்காது. பல்கலைக்கழகம் கற்பிக்கவும் ஆராயவும் உள்ள இடம். இக்கையேட்டில் சொல்லப்படும் பெட்டாவாட் லேசர் அங்கு இல்லை. அறிவியல் படிக்க விரும்பும் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அது நல்ல வாசல். மருத்துவ இயற்பியல் படித்தவர்கள் எந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் தேவைப்படுகிறார்கள்.

இன்று உங்களுக்கு உள்ள வழிகள் இவை:

அரசாங்க மருத்துவமனை. ஜொகூர் பாருவில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவு உண்டு. லினாக் எனப்படும் முடுக்கிகளால் எக்ஸ்ரே சிகிச்சை தரப்படுகிறது. பெரும்பாலான புற்றுநோய்களுக்கு இதுவே உலகெங்கும் வழங்கும் முறை. உங்கள் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் தொடங்கினால், தேவைப்படும் பரிந்துரைக் கடிதத்துடன் நிபுணத்துவ மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

புரோட்டான் சிகிச்சை. ஜொகூருக்கு மிக அருகில் உள்ள புரோட்டான் மையங்கள் சிங்கப்பூரில் உள்ளன. அங்குத் தேசியப் புற்றுநோய் மையம் உட்பட, 2023 முதல் இச்சிகிச்சை தரப்படுகிறது. சென்னையில் அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையம் 2019இல் திறக்கப்பட்டது. நவி மும்பையில் டாட்டா நினைவு மையமும் புரோட்டான் சிகிச்சை தருகிறது. இவை அனைத்திலும் வழக்கமான வட்ட முடுக்கிகளே பயன்படுகின்றன. செலவு மிக அதிகம். எல்லாருக்கும் எக்ஸ்ரேயைவிட மேலான பலன் கிடைக்கும் என்பதும் இல்லை. புரோஸ்டேட் புற்றுநோயாளிகள் 400க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடத்தி 2024இல் அறிவிக்கப்பட்ட ஒப்பீட்டு ஆய்வில், இரண்டு முறைகளுக்கும் இடையே வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. வீட்டை அடகு வைத்துப் புறப்படும் முன், உங்கள் கட்டிக்குப் புரோட்டானால் கூடுதல் பலன் உண்டா என்று புற்றுநோய் நிபுணரிடம் கேளுங்கள்.

சிகிச்சை அறைக்குள் சென்றால் சுவரிலிருந்து மெல்லிய சிவப்பு அல்லது பச்சை லேசர்க் கோடுகள் உங்கள் உடல்மேல் விழுவதைக் காணலாம். அவை நீங்கள் சரியான இடத்தில் படுத்திருக்கிறீர்களா என்று பார்ப்பதற்கே. அவை கட்டியைத் தாக்குவதில்லை. ‘எங்களிடம் லேசர் உண்டு’ என்று யாரேனும் சொன்னால், அது எந்த லேசர் என்று கேட்பது உங்கள் உரிமை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இந்தச் சிகிச்சையின் முறையான பெயர் என்ன? அதை என் புற்றுநோய் நிபுணரிடம் காட்ட எழுதித் தருவீர்களா?
2. இந்த இயந்திரம் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா?
3. இது ஏற்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் அதற்கு ஒப்புதல் அளித்த நெறிமுறைக் குழு எது? ஆய்வில் பங்கேற்பவரிடம் ஏன் கட்டணம் வாங்குகிறீர்கள்?
4. கதிர்வீச்சு என்றால் எவ்வளவு, எத்தனை தவணை, அளப்பவர் யார்?
5. பலன் இல்லையென்றால் அடுத்து என்ன? அதற்குள் எத்தனை வாரம் போயிருக்கும்?

நேர்மையான மருத்துவர் இக்கேள்விகளால் வருத்தப்பட மாட்டார். 1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரமும் விற்பனையும்) சட்டம், புற்றுநோயைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. ‘புற்றுநோய்க்கு உறுதியான தீர்வு’ என்று கூவும் விளம்பரமே உங்களுக்கு முதல் எச்சரிக்கை.

நாள் கடத்தாதீர்கள்

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மலேசியாவில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்து சேர்ந்தனர். அந்தத் தாமதத்தை எந்தப் புதிய இயந்திரத்தாலும் ஈடுகட்ட முடியாது.

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள்:

• மார்பகத்திலோ கழுத்திலோ வேறு இடத்திலோ புதிய கட்டி
• ஆறாத புண், குறிப்பாக வாய்க்குள்
• காரணமின்றி எடை குறைதல்
• நீங்காத இருமல் அல்லது குரல் கம்மல்
• விழுங்குவதில் சிரமம்
• மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம்

இருமலிலோ சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் வந்தாலும், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஏற்பட்டாலும் காத்திருக்க வேண்டாம், உடனே செல்லுங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையை இடையில் நிறுத்தினால், எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருக வாய்ப்பு உண்டு. போக்குவரத்துச் சிரமமோ, வேலையிடத்தில் விடுப்புச் சிக்கலோ, பக்க விளைவோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவமனையின் சமூக நலப் பிரிவு உதவ வழி உண்டு.

லேசர் புரோட்டான் ஒரு நாள் மருத்துவமனைக்கு வரலாம். அது வரும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு செலுத்தினோம் என்ற கணக்கோடு வரும். அந்தக் கணக்கைக் காட்ட முடியாதவர் பேச்சைக் கேட்டு, கையில் உள்ள சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் வந்த செய்தி குறித்து ஐயம் இருந்தால், அடுத்த சந்திப்பின்போது அதை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.